டீசல் டேங்குக்கு அடியில்

சேனாதிபதி மேஸ்திரியின் படிப்பு மூணாம் வகுப்போடு நின்றது. அதற்கப்புறம் அவர் தானாகப் படித்தது ஒரே ஒரு பாடம்: எவனையும் நம்பாதே. தராசை நம்பமாட்டார், மூட்டையைக் கையில் தூக்கிப் பார்ப்பார். செல்போனில் மழை வரும் என்றால் நம்பமாட்டார், ஏரி மேலே மஞ்சு எந்தப் பக்கம் நகருகிறது என்று பார்ப்பார். பெண்டாட்டி இருந்தவரைக்கும் குழம்பை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் ஊற்றச் சொல்வார். எழுபத்தோரு வயசாகிறது, இந்தப் பாடம் தன்னைக் கைவிட்டதே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

கொடைக்கானல் மலையில், கூக்கால் ஏரிக்கு மேலே சண்முகசுந்தரியின் பூண்டுக்காடும் கேரட்டுக்காடும் சேர்ந்து இருபது ஏக்கர். அந்தம்மா இருப்பது பழனியில், பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிறது. காட்டுக்கு மாசம் ஒருதடவை வந்தால் அதிகம். விதைப்பு, அறுப்பு, ஆள், வண்டி எல்லாம் மேஸ்திரி பொறுப்பு.

சித்திரைக் கடைசியில் அந்தம்மா போனில் கூப்பிட்டது.

"மேஸ்திரி, கேரட் கழுவுற மிஷின் வருது. அதுக்கு ஜெனரேட்டர் வேற. இனிமே கேன்ல டீசல் வாங்கியாந்து கட்டுப்படியாகாது. நல்ல டேங்கு ஒண்ணு, நல்ல பம்பு ஒண்ணு வாங்கிருவோம்."

"கேனுக்கு என்ன தாயி கொறச்சல்? கண்ணு முன்னால இருக்கும்."

"பெட்ரோல் பங்குக்குப் போயிட்டு வர ஒரு பகல் போகுதுல்ல? இங்க ஞானவேல் கடையில சொல்லி வச்சிருக்கேன். நீங்களே வந்து பாத்து எடுங்க."

"விக்காததையெல்லாம் நம்ம தலையில கட்டுவான்."

"அதுக்குத்தான ஒங்களை வரச் சொல்றேன். ஒங்க தலையில எவன் கட்ட முடியும்?"

புதுசு வருமுன் பழசை அப்புறப்படுத்த வேண்டும். கொட்டகைக்குப் பின்னால் ரெண்டு வருசமாக அது சும்மா கெடந்தது. ஐநூறு லிட்டர் இரும்பு டேங்கு. லாரி உடைக்கிற இடத்தில் மேஸ்திரியே தட்டித் தட்டிப் பார்த்து வாங்கி, வெறும் தரையில் உட்கார வைத்தது. ஆட்களையெல்லாம் பூண்டு பிடுங்க அனுப்பிவிட்டு, ஒத்தை ஆளாகக் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். டேங்கு சரிந்து மல்லாந்தது.

அடிப்பக்கம் ஒரு மூலையைத் துரு தின்றிருந்தது. மிளகு போகிற அளவுக்கு மூணு ஓட்டை.

டேங்கு உட்கார்ந்திருந்த அச்சு தரையில் கறுப்பாகத் தெரிந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளினார். ரெண்டு வருசமாகியும் டீசல் வாடை மூக்கில் ஏறியது. கடப்பாரையை இறக்கிப் பார்த்தார். ஒரு சாண் போயும் கறுப்பு. ஒரு முழம் போயும் கறுப்பு.

மேஸ்திரி அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால் இந்த டேங்குப் பூட்டுக்குச் சாவி ரெண்டு. ஒன்று அவர் இடுப்பில். மற்றது அருள்தாஸிடம். ஓடையிலிருந்து தண்ணீர் இறைக்கிற இஞ்சினை ஓட்டுகிறவன் அருள்தாஸ். அவன் அப்பன் காலத்தில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்த குடும்பம். ஊருக்குக் கீழே வரிசையாக இருக்கிற வீடுகளில் ஒன்று அவனுடையது. அவர்கள் அதை லயம் என்றுதான் சொல்வார்கள். தினமும் வெள்ளனே மேஸ்திரி ஒரு மூங்கில் குச்சியை டேங்குக்குள் விட்டு அளப்பார். குச்சியில் கத்தியால் வெட்டின கோடுகள்தான் அவருடைய மீட்டர். சாயங்காலம் பூட்டும்போது ஒரு கோட்டில் இருக்கிற டீசல், காலையில் அதற்கு விரல்கடை கீழே நிற்கும். ஒரு நாள் இல்லை, ஒரு மாசம் பார்த்தார். பூட்டு உடையவில்லை. சாவி ரெண்டு. ஒன்று தன் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அப்புறம் மிச்சம் யார்?

அருள்தாஸைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊர்க்கோயில் முன்னால் ஆளைக் கூட்டிவிட்டார். களவு போனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. தட்டில் சூடத்தை ஏற்றி வைப்பார்கள். சந்தேகப்பட்டவன் அதை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் எடுக்கலை என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மனுசர் விட்டுவிடுவார்கள். பொய்யாக இருந்தால் மிச்சத்தைச் சாமி பார்த்துக்கொள்ளும்.

அருள்தாஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "நான் வேதக்காரன் மேஸ்திரி. நான் சூடம் அணைச்சா எங்க வீட்லயும் சேக்க மாட்டாங்க, சாமியாரும் கேப்பாரு. மாதா மேல சத்தியம் பண்றேன். பைபிளைக் கொண்டாரச் சொல்லுங்க, அது மேல கை வைக்கேன்."

அதற்கு மேஸ்திரி சொன்ன பதிலை ஊர் இன்னமும் சொல்லிச் சிரிக்கும். "ஒங்க சாமி மன்னிக்கிற சாமிடா. இன்னைக்குப் பொய் சொல்லிட்டு ஞாயித்துக்கெழமை போயி பாவத்தைக் கழுவிட்டு வந்துருவ. எங்க சாமிக்கு அந்தப் பழக்கம் இல்ல."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்போடு தீர்ப்பும் முடிந்தது. சூடத்தைத் தொட மறுத்தவன் எடுத்தவன்தான்.

மறுநாளே மேஸ்திரி டேங்கைக் காலி பண்ணி, டீசலைக் கேன்களில் ஊற்றித் தன் அறையில் வைத்துப் பூட்டினார். அதற்கப்புறம் ஒரு சொட்டுக் குறையவில்லை. "பாத்தீங்களாடா? ஆளு போனான், களவும் போச்சு" என்று டீக்கடையில் சொன்னார். அதைவிடப் பெரிய சாட்சி ஊருக்கும் தேவைப்படவில்லை, அவருக்கும் தேவைப்படவில்லை.

அருள்தாஸ் வட்டக்கானலுக்குப் போய் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சேர்ந்தான். மாசத்தில் ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் லயத்துக்கு இறங்கிப் போவான். அவன் பெண்டாட்டி ஜெயா மட்டும் இதே காட்டில் கூலிக்கு வந்துகொண்டிருந்தாள். வேறு காடு பக்கத்தில் இல்லை. ஊர் அந்த வீட்டை டீசல் வீடு என்றது. பள்ளிக்கூடம் போகிற மகளை டீசல் என்றது. மேஸ்திரி காதுபடத்தான் கூப்பிட்டார்கள். அவரும் ஒன்றிரண்டு தடவை சிரித்திருக்கிறார்.

இதெல்லாம் ஒரு பிடி கறுப்பு மண்ணிலிருந்து எழுந்து வந்து முன்னால் நின்றது. மேட்டில் பூண்டு பிடுங்குகிற ஆட்களோடு ஜெயா எதற்கோ சத்தமாகப் பேசுவது கேட்டது. மேஸ்திரி வெடுக்கென்று எழுந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். அவர் கால் தானாக மண்ணைத் தள்ளி அந்தக் கறுப்பை மூடியது.

மூணாம் நாள் அந்த இடத்தில் புது டேங்குக்கு காங்கிரீட் மேடை போட்டார். வேறு இடம் இல்லாமல் இல்லை. கொட்டகைக்கு இந்தப் பக்கம் நல்ல மேடான இடமே இருந்தது. ஆனாலும் அங்கேயே போட்டார். ஏன் என்று எவனும் கேட்கவில்லை. மேஸ்திரியைக் கேட்கிற பழக்கம் அங்கே இல்லை. ஜல்லி சுமந்தது ஜெயா.

சட்டியோடு வந்தவள் ஒரு நிமிசம் நின்றாள். "என்ன கங்காணி, இன்னும் டீசல் மணக்குது?"

மற்ற எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. ஜெயாவுக்கு மட்டும் கங்காணி. தோட்டத்துப் பழக்கத்தில் சொல்கிறாளா, குத்திக்காட்டத்தான் சொல்கிறாளா என்று அவருக்கு இதுவரைக்கும் பிடிபட்டதில்லை.

"பழைய டேங்கு கெடந்த எடம். மணக்காம என்ன செய்யும்? வெரசாக் கொட்டு."

அவள் கொட்டினாள். சட்டி சட்டியாகக் கொட்டினாள். கொட்டக் கொட்ட அவர் கரண்டியால் மட்டம் பண்ணினார்.

மறுநாள் குமாரின் பிக்கப் வண்டியில் பழனிக்கு இறங்கினார். மலையை விட்டு இறங்க இறங்க வெக்கை ஏறியது. ஞானவேல் கடையில் டேங்குகள் வெயிலில் வரிசையாக நின்றன. ஞானவேல் நாற்பது வயசு ஆள், வாயாடி.

"வாங்க மேஸ்திரி. அம்மா சொன்னாங்க, 'வர்றவரு ஒன்னைத் திருடன்னு சொல்லுவாரு, கோவிச்சுக்காத'ன்னு."

மேஸ்திரி டேங்குகள் பக்கம் திரும்பிக்கொண்டார். "டேங்கைக் காட்டுப்பா" என்றார்.

ஞானவேல் முதலில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டேங்கைக் காட்டினான். "இது தண்ணிக்கு. டீசல் ஊத்தி வெயில்ல வச்சா நாள்பட இளகி வெடிப்பு விட்டுரும். வேண்டாம்." அப்புறம் வெள்ளையாக மின்னுகிற தகர டேங்கு. "இது முலாம் பூசினது. முலாம் டீசல்ல கரைஞ்சு இஞ்சினுக்குள்ள போயி அடைக்கும். இதுவும் வேண்டாம்."

"வேண்டாததை ஏன்டா காட்டுற?"

"வேண்டாததை மொதல்ல காட்டினாத்தான் வேண்டியதைச் சொல்லும்போது நம்புவீங்க."

மூணாவது, சிவப்புப் பெயின்ட் அடித்த இரும்பு டேங்கு. ஆங்கிள் இரும்பில் நாலு கால், முழங்கால் உயரம். ஒரு பக்கமாக லேசாகச் சரிந்திருந்தது. சரிவுக்கடியில் ஒரு சின்னக் குழாய்.

"எதுக்குக் கால்? தரையில கெடந்தா ஆகாதா?"

ஞானவேல் டேங்கின் வயிற்றில் தட்டினான். "ஒங்க ஊரு மஞ்சு எறங்குற ஊரு. டேங்கு பாதி காலியாக் கெடந்தா உள்ளுக்குள்ள வேர்க்கும். வேர்த்த தண்ணி டீசலுக்கு அடியில போயித் தங்கிரும். அதை வடிக்கத்தான் இந்தச் சரிவும் குழாயும். தண்ணி நின்ன எடத்துல உள்ள இருந்தே துரு திங்கும். வெளிய பெயின்ட்டு பளபளன்னு இருக்கும். காலு வச்ச டேங்குன்னா ஒழுகுறது கண்ணுக்குத் தெரியும். தரையில ஒக்காந்ததுன்னா எவனுக்குத் தெரியும்? தெனம் ஒரு விரக்கடை கொறையும். நாம பக்கத்துல இருக்கிற ஆளைத்தான் சந்தேகப்படுவோம்."

"நீ டேங்கு விக்கிறியா, குறி சொல்றியா?" மேஸ்திரி எகிறினார்.

ஞானவேல் திகைத்துப் போனான். "இல்லைங்க, எல்லா எடத்துலயும் நடக்குறதுதான், சும்மா சொன்னேன்."

எல்லா இடத்திலும் நடக்கிறது. ஒரு கடைக்காரனுக்கு அது வியாபாரப் பேச்சு. எழுபத்தோரு வயசுக்காரனுக்குத் தெரிந்திருக்கவில்லை. மேஸ்திரி துண்டைத் தரையில் விரித்து, மல்லாக்கப் படுத்து, டேங்குக்கு அடியில் நகர்ந்து போனார். பற்றவைத்த இடம் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கோணத்தைத் தடவிவிட்டு அதையே மறுபடியும் தடவினார். குமார் குனிந்து, "போதும் மேஸ்திரி, அதுக்குக் கூசுது" என்றான். மேஸ்திரி எழுந்து வரவில்லை. காற்றடித்து, இணைப்புகளில் சோப்புத்தண்ணீர் பூசி, ஒரு குமிழிகூட வரவில்லை என்று ஞானவேல் காட்டின பிறகுதான் வெளியே வந்தார். இந்தக் குனிதலில் கால்வாசி அன்றைக்குக் குனிந்திருந்தால் போதும்.

"பம்பு?"

"இப்ப எப்பிடி எடுக்கீங்க? டியூப்பை வாயால உறிஞ்சித்தான?"

"நாப்பது வருசமாக் குடிக்கேன்" என்றார் மேஸ்திரி. "வண்டி இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு."

ஞானவேல் சிரித்துக்கொண்டே ரெண்டு பம்புகளை எடுத்து வைத்தான். ஒன்று கையால் சுற்றுகிறது. இன்னொன்று பேட்டரியில் ஓடுகிறது. நுனியில் பங்கில் இருக்கிற மாதிரி பிடி, நடுவில் மீட்டர். "தண்ணி மோட்டாரை மட்டும் டீசலுக்கு மாட்டிராதீங்க, பொறி பட்டா கதை முடிஞ்சிரும். இது டீசலுக்குன்னே செஞ்சது. எத்தனை லிட்டர் போச்சுன்னு நம்பர் காட்டும். அளவு சரியான்னு இருவது லிட்டர் கேன்ல ஊத்திக் காட்டவா?"

குமார் அசந்து போகும்படி மேஸ்திரி தலையை ஆட்டினார். "வேண்டாம். ரெண்டையும் கட்டு. பேட்டரி எறங்கினா கையால சுத்திக்கிறோம்."

ஒரு வாரம் கழித்து டேங்கு மேடையில் ஏறியது. சண்முகசுந்தரி காரில் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "நீங்க எடுத்தா எடுத்ததுதான் மேஸ்திரி. இதுல எவன் களவாங்க முடியும்?"

சுற்றி ஆட்கள் இருந்தார்கள். ஜெயாவும் இருந்தாள், தலையைக் குனிந்து கேரட்டைக் கட்டிக்கொண்டு. மேஸ்திரி அந்தம்மாவைக் கொட்டகைக்குள் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஓட்டை, கறுப்பு மண், எல்லாம். மேடை ஏன் அங்கே போட்டார் என்பதையும்.

அந்தம்மா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் குரலைத் தாழ்த்தியது. "ரெண்டு வருசம் ஆகிப்போச்சு. இப்பப் போயி ஊரைக் கூட்டிச் சொன்னா ஒங்களுக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம். அந்த ஆளைக் கூப்பிடுங்க. புதுப் பம்புக்கு ஆளு வேணும், வந்து பாத்துக்கன்னு சொல்லுங்க. சாவியைக் குடுங்க. தானா எல்லாம் சரியாயிரும்."

மேஸ்திரிக்கு அது இதமாக இருந்தது. அந்த இதமே உறுத்தியது. ஆனாலும் மறுநாள் கொடைக்கானல் பஸ் ஏறினார்.

வட்டக்கானலில் அருள்தாஸ் கெஸ்ட் ஹவுஸ் பின்பக்கம் பெட்ஷீட் அலசிக்கொண்டிருந்தான். மேஸ்திரியைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டான். உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரூம் பாக்க வந்தீங்களா மேஸ்திரி? கெஸ்டு பதினோரு மணிக்குத்தான் செக் அவுட்டு" என்றான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"புது டேங்கு வந்துருக்கு. பேட்டரிப் பம்பு. அம்மா ஒன்னைக் கூப்பிடச் சொல்லுச்சு. சாவி ஒன்கிட்டயே இருக்கட்டும்னுச்சு."

"டீசல் டேங்குச் சாவியா? எனக்கா? வேற களவாணி கெடைக்கலையா?"

மேஸ்திரி தேத்தண்ணியைப் பார்த்தார்.

"ஏன் இப்ப?" என்றான் அருள்தாஸ்.

அந்தம்மா சொல்லிக்கொடுத்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. அது வரவில்லை. "பழைய டேங்கு ஓட்டை" என்றார்.

அருள்தாஸ் படியில் உட்கார்ந்தான். "எவ்வளவு ஓட்டை?"

"மிளகு போகும். மூணு."

"மூணு மிளகு." அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "டேங்கைத் தூக்கிப் பாப்போம்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்னே."

"'பேச்சை மாத்துறான் பாரு'ன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"எப்பத் தெரிஞ்சுச்சு?"

"டேங்கைப் பொரட்டின அன்னைக்கு."

"அது என்னைக்குன்னு கேக்கேன்."

"பன்னெண்டு நாளாச்சு."

அதுவரைக்கும் தாழ்ந்திருந்த அருள்தாஸின் குரல் அங்கேதான் ஏறியது. "ரெண்டு வருசம் ஒங்களுக்குத் தெரியாது. மனுசன் தப்பா நெனப்பான். அதை நான் எப்பவோ மாதாகிட்ட எறக்கி வச்சிட்டேன். இந்தப் பன்னெண்டு நாளு தெரியும்ல? எம் பொண்டாட்டி ஒங்க முன்னாலதான வேலை செஞ்சா? எம் மகளை டீசல்னு கூப்புட்டது ஒங்க காதுல விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சு."

"அப்பவும் சும்மா இருந்தீங்க."

மேஸ்திரி சும்மா இருந்தார். இருக்க மட்டுமா செய்தார்? காங்கிரீட் போட்டார். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அருள்தாஸ் எழுந்து வாளியைத் தூக்கினான். "எனக்குச் சோலி வேணாம், சாவியும் வேணாம். ஊர் முன்னால கேட்டீங்க. ஊர் முன்னால சொல்லுங்க. தேத்தண்ணி ஆறிப்போச்சு, வேற போட்டுத் தரவா?"

மறுநாள் காலை பஸ் வந்து கூக்காலில் நின்றது. அந்த நேரத்துக்குத்தான் ஊரே ரோட்டில் இருக்கும்: கேரட் மூட்டை ஏற்றுகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆண்டிச்சாமி டீக்கடையில் கூடுகிறவர்கள். மேஸ்திரி டீக்கடை முன்னால் போய் நின்று, யாரையும் பார்க்காமல், சத்தமாகச் சொன்னார்.

"அருள்தாஸ் டீசல் எடுக்கலை. டேங்கு ஓட்டை. மண்ணுல போயிருக்கு. நான்தான் தப்பாச் சொன்னேன்."

பஸ் டிரைவர் ஹாரன் அடித்தான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஆண்டிச்சாமி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்: "சரி மேஸ்திரி. ஒழுகுனது போக, அவன் எடுத்தது எம்புட்டு?"

சிரித்தார்கள்.

"எடுக்கலைங்கிறேன்!"

"ஓட்டையை யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்."

"டேங்கு எங்க?"

பழைய டேங்கை அவர் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார், குமார் வண்டியிலேயே, புது டேங்கு எடுக்கப் போன அன்றைக்கே.

"அந்தம்மா ஆளைத் திரும்பக் கூப்புடுதுன்னு கேள்விப்பட்டோம்" என்றான் இன்னொருத்தன். "அதுக்கு இப்பிடி ஒரு கதையா?"

"கண்ணால பாக்காம எதையும் நம்பாதீங்கடான்னு நீங்கதான மேஸ்திரி சொல்லுவீங்க?" என்றான் ஆண்டிச்சாமி. அவன் கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டான்.

மேஸ்திரி அவனைப் பார்த்தார். "அப்பக் கண்ணால பாரு. வா."

அவர் பின்னால் பத்துப் பேர் வந்தார்கள், பாதி வேடிக்கைக்கு. கொட்டகைச் சுவரில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தார். சிவப்பு டேங்கு மேடையில் நாலு காலில் நின்றது. இன்னும் டீசல் ஊற்றவில்லை. "டேங்கை எறக்குங்கடா" என்றார். புத்தம்புது மேடையில் நிற்கிற டேங்கில் கை வைக்க எவனும் முன்வரவில்லை. அவர் டேங்குக்கு அடியில் குனிந்து, ரெண்டு காலுக்கு நடுவே காங்கிரீட்டில் கடப்பாரையை இறக்கினார்.

முதல் அடிக்கு ஒரு தெறி மட்டும் பறந்தது. "கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றான் குமார். அவன் போன் அடித்தது, எடுத்தால் சண்முகசுந்தரி. அதற்குள் எவனோ சொல்லியிருந்தான். "அம்மா நிறுத்தச் சொல்றாங்க மேஸ்திரி." மேஸ்திரி நிறுத்தவில்லை. தன் கையால் மட்டம் பண்ணின காங்கிரீட், நல்ல கலவை, சீக்கிரத்தில் விடவில்லை. மூச்சு இரைத்தது. நாலு பேர் ஒரு கட்டத்தில் பார்க்கப் பொறுக்காமல் வந்து டேங்கைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். ஆனால் கடப்பாரையை யாரும் வாங்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

காங்கிரீட் ஒரு பாளமாகப் பெயர்ந்தது. கையை விட்டு அடிமண்ணை அள்ளினார். கறுப்பாக, பிசுபிசுவென்று, அன்றைக்கு நுகர்ந்த அதே வாடையோடு. ஆண்டிச்சாமி கையில் வைத்தார். அவன் மூக்கருகே கொண்டுபோனான். பக்கத்து ஆளிடம் கொடுத்தான். அது கை மாறிக் கை மாறிப் போனது. சிரிப்பு நின்றுவிட்டது. ஒருத்தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "அப்ப நாமதான் அந்தப் பிள்ளையை டீசல் டீசல்னு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நடந்தான்.

ஜெயா கூடையோடு வந்து நின்றது அப்புறம்தான் தெரிந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குழி ஓரத்தில் வந்து பார்த்தாள். உடைந்த பாளத்தைப் பார்த்தாள். அதில் ஒட்டியிருந்த ஜல்லியைப் பார்த்தாள்.

"இது தெரிஞ்சுதான் அன்னைக்கு என்னையக் கொட்டச் சொன்னீங்களா கங்காணி?"

கூட்டம் அவரைப் பார்த்தது. இதை அவர் டீக்கடையில் சொல்லவில்லை. வட்டக்கானலில் சொல்லவில்லை.

"தெரிஞ்சுதான்" என்றார்.

ஜெயா தலையை ஆட்டினாள், எதிர்பார்த்த விலையை யாரோ சொன்ன மாதிரி. "மூடாதீங்க. அவரு வந்து பாக்கட்டும்." கூடையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். பூண்டு பிடுங்குகிற வேலை இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

மத்தியானம் மழை இறங்கியது. மேஸ்திரி தார்பாயை இழுத்துக் குழியை மூடி, நாலு ஓரத்திலும் கல்லை வைத்தார். சண்முகசுந்தரி சாயங்காலம் வரைக்கும் போன் அடித்தது. "கேரட் மிஷின் நாளைக்கு வருது. டேங்கை எங்கய்யா வைக்கிறது?"

"இந்தப் பக்கம் மேட்டுல வேற மேடை போடுறேன் தாயி. நானே சொமந்து போடுறேன்."

"அந்தக் குழியை மூடித் தொலைங்க. வர்றவன் போறவன்லாம் பாக்கிறான்."

"பாக்கட்டும்."

சனிக்கிழமை பஸ் வந்தது. அருள்தாஸ் இறங்கவில்லை. மேஸ்திரி கொட்டகைக்குப் போய்த் தார்பாயை விலக்கிப் பார்த்தார். ஓரத்தில் தண்ணீர் கொஞ்சம் கசிந்திருந்தது, மண் அப்படியே இருந்தது. கல்லைத் திரும்ப எடுத்து வைத்தார். அடுத்த சனிக்கிழமையும் அவன் வரவில்லை. குழியை மூட அந்தம்மா அனுப்பின ரெண்டு ஆட்களை மேஸ்திரி மண்வெட்டியோடு திருப்பி அனுப்பினார்.